பென்சிலுக்கு அடியில் அம்மா

ரெட்டியார்பாளையம்
24.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஆனந்தமேரி எழுதுவது. அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு நமக்குள் நடந்த சண்டைக்குப் பிறகு உன் போனை எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். கடிதம் போடமாட்டேன் என்று செய்யவில்லை. அதனால் இது.

அம்மாவின் பீரோவில் அடித்தட்டில் ஒரு கேக் பெட்டி நிறைய நெகட்டிவ் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கல்யாணத்தில் மோனிக் அண்ணியின் தம்பி எடுத்த ஸ்லைடுகளும் அதற்குள்தான் இருந்தன. என் பெண் ஆஷ்லின் ஒரு ஸ்கேனர் வாங்கி வந்திருக்கிறாள். மூடியிலும் விளக்கு வைத்த ஸ்கேனர். நெகட்டிவை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்திக் கண்ணாடி மேல் வைத்து மூடினால் கம்ப்யூட்டரில் படமாக வந்துவிடுகிறது. அவள் வேலைக்குப் போய்விடுகிறாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுகிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பதை விட இது சுலபம்.

உன் கல்யாண ஸ்லைடுகளைத்தான் முதலில் போட்டேன். ஆஷ்லின் அவற்றைக் குடும்ப குரூப்பில் அனுப்ப, நீ உட்பட எல்லோரும் 'சூப்பர்' போட்டீர்கள். நன்றாகப் பார்த்தீர்களா? சாமியார் இடது கையால் ஆசீர்வாதம் கொடுக்கிறார். உன் கோட்டுப் பை வலது பக்கம் இருக்கிறது. நான் ஸ்லைடுகளைத் திருப்பி வைத்துவிட்டேன், மினுமினுப்பான பக்கம் எது, மங்கல் பக்கம் எது என்று பார்த்து வைக்க வேண்டுமாம். ஒரு குடும்பமே இடம் வலம் மாறி நிற்கிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. நம் வீட்டுக் கண்கள் அப்படி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹாலில் மாட்டியிருக்கிறதே அம்மாவின் ஸ்டுடியோ படம், உன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அதன் நெகட்டிவ் கிடைத்தது. கன்னத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகக் கிறுக்கல். பூஞ்சை பிடித்திருக்கிறது என்று நினைத்துப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அது பூஞ்சை இல்லை அண்ணா, பென்சில். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் டச்சிங் என்று நெகட்டிவ் மேல் பென்சில் வைப்பார்களே, அது. பரு, தழும்பு எல்லாம் மறைந்து முகம் மொழுமொழுவென்று வரும்.

படத்தைக் கெடுத்துவிட்டோமே என்று பதறிக்கொண்டு ஸ்கேன் போட்டுப் பார்த்தேன். கெடுக்கவில்லை. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் அடி. தோல் பிய்ந்து, வீங்கி, ரத்தம் காய்ந்து. நாற்பத்து நாலு வருஷமாக நாம் பார்த்துவந்த படத்துக்கு அடியில் இந்த முகம் இருந்திருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்குள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துக் கல் வைக்கிறாய். அதில் பதிக்கும் பீங்கான் படத்துக்கு நான் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். கேட்பதற்காக எழுதவில்லை. சொல்வதற்காக எழுதுகிறேன்.

உன் தங்கை,
ஆனந்தமேரி


சார்சேல், பிரான்ஸ்
5.9.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் தணிந்து எழுதியிருப்பாய் என்று ஆசையோடு பிரித்தேன். போகட்டும்.

அம்மாவின் கன்னத்துத் தழும்பு எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும். மில்லில் வைண்டிங் செக்‌ஷனில் வேலை செய்தபோது நூல் சுற்றும் பாபின் தெறித்துப் பட்டது. நான் அப்போது கடலூர் விடுதியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கடிதம் போட்டிருந்தார், 'அம்மாவுக்கு மில்லில் சிறிய காயம், பயப்படாதே' என்று. அந்தக் காயத்தை ஸ்டுடியோக்காரர் நல்ல மனதோடு மறைத்திருக்கிறார். நீ ஸ்பிரிட் போட்டு அழித்துவிட்டாய். தெரியாமல் செய்தது, அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் கல்லில் எந்தப் படம் வைப்பது என்பது வேறு. மனிதர்களைக் கல்லறையில் அவர்கள் நன்றாக இருந்த முகத்தோடுதான் வைப்பார்கள். யாரும் காய்ச்சலில் படுத்திருந்த படத்தை வைப்பதில்லை. என் வீட்டில் இருக்கும் அதே படத்தை நான் போனில் எடுத்துக் கல்கடைக் கலியமூர்த்திக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில், பார்க்க நிறைவாக இருக்கும்.

இன்னொன்று. அடக்கப் பூசையில் நான் அம்மா அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன், நீ எழுந்து வெளியே போனாய். மாமா வீட்டார் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? 'ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்தார்கள்' என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

ஆஷ்லினுக்கு என் முத்தங்கள். ஸ்லைடுகளைத் திருப்பிப் போட்டு மறுபடி அனுப்பச் சொல். மோனிக் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

அண்ணன்,
சகாயநாதன்


ரெட்டியார்பாளையம்
16.9.2025

அண்ணனுக்கு,

பாபின் தெறித்ததாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நம் வீட்டில் மறைத்து, அந்தச் சோற்றையும் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கிறோம்.

நீ விடுதியில் இருந்தாய். நான் வீட்டில் இருந்தேன், ஒன்பது வயசு. ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்பா கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுக் கமலாக்கா ரேடியோவைக் கூட்டி வைத்தார். திரும்பி வந்தபோது அம்மா அடுப்படியில் முகத்தில் ஈரத்துணி வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்கு வாட்ச்மேன் டியூட்டிக்குப் போய்விட்டார்.

அம்மா அன்றைக்கே உழவர்கரைக்கு, தன் அண்ணன்கள் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். "சாமியார் ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் சேத்துக்கறோம். நாளைக்கு ஊரு எங்களத்தான் கேக்கும்" என்றார்கள் மாமன்கள். சாமியார் வைத்தியத்துக்காக வேலூர் போயிருந்தார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் வருவதற்குள் காயம் ஆறிவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆறினால் யார் நம்புவார்கள்? அதற்குத்தான் அண்ணா அவள் ஸ்டுடியோவுக்குப் போனாள். பெரிய மார்க்கெட் பக்கத்தில் மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. மறுநாள் காலையிலேயே ஈஸ்டருக்குக் கட்டும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள், அவள் முக்காடு போடவில்லை.

படம் வாங்கப் போனபோதும் நான் கூடப் போனேன். ஸ்டுடியோக்காரர் கவரை நீட்டி, "பாருக்கா, ஒரு கீறல் தெரியாது. ராவெல்லாம் குந்தி டச்சிங் பண்ணேன்" என்றார். நல்ல மனுஷன், பாவம். தினமும் பத்து முகத்துக்குப் பென்சில் வைக்கிற கை, அம்மா முகத்துக்கும் வைத்துவிட்டது. அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் கேட்டனா?" என்று ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் நெகட்டிவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தப் படத்தோடுதான் சாமியாரிடம் போனோம். அதற்குள் காயம் ஆறிக் கோடு மட்டும் இருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லியேம்மா. மில்லுல பட்டுதுன்னு உன் ஊட்டுக்காரர் சொல்றாரு. ஊட்டுக்குப் போ, பிள்ளைங்களப் பாரு" என்றார். அம்மா வீட்டுக்கு வந்தாள். அப்பா சாகும் வரைக்கும் அந்த வீட்டிலேயே இருந்தாள். அந்தப் பென்சில் இல்லையென்றால் நீயும் நானும் உழவர்கரையில் வளர்ந்திருப்போம்.

அவளை ஏமாற்றிய படத்தைத்தான் நாம் ஹாலில் மாட்டி மாலை போட்டிருக்கிறோம். அதையே நீ கல்லிலும் வைக்கச் சொல்கிறாய். மாட்டேன். பூசையில் நான் ஏன் எழுந்து போனேன் என்று இப்போதாவது தெரிந்துகொள்.

ஆனந்தமேரி


சார்சேல்
26.9.2025

தங்கைக்கு,

உன் கடிதத்தை மோனிக்கிடம் படித்துக் காட்டவில்லை. முதல் தடவையாக ஊரிலிருந்து வந்த கடிதத்தை மறைத்து வைத்திருக்கிறேன்.

ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் கதவுக்கு வெளியே என்ன தெரிந்திருக்கும்? அப்பா கோபக்காரர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். மாதக் கடைசி ஞாயிறு தவறாமல் கடலூர் விடுதிக்கு சைக்கிள் மிதித்து வந்தவர் அவர். குடும்பம் என்றால் சண்டை சச்சரவு இருந்திருக்கும், போயிருக்கும். அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எழுந்து வந்து பதில் சொல்ல அவரால் முடியாது. பதில் சொல்ல முடியாதவர் பக்கத்தில் இப்படி ஒரு படத்தை ஒட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, அப்பாவை விடு. அம்மாவை நினைத்துப் பார்த்தாயா? என் பிள்ளைகள் அங்கே வந்தால், அவர்கள் பார்க்கப்போகும் அவள் முகம் அடிவாங்கின முகமா? இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் என்னிடம் இதைச் சொன்னதில்லை. சொல்ல விரும்பாததால்தானே? அவள் மானத்தோடு மூடி வைத்ததை நீ ஸ்பிரிட் போட்டுத் திறந்துவிட்டு, அதற்கு நியாயம் என்று பேர் வைக்கிறாய். இன்றைக்கு அவள் உயிரோடு இருந்தால் இதற்கு ஒப்புக்கொள்வாளா? நெஞ்சைத் தொட்டுச் சொல்.

கலியமூர்த்தியிடம் பேசிவிட்டேன். நான் சொல்லாமல் வேறு படம் எதையும் பீங்கானில் சுடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உன்னோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. ஆனால் இதை விடமாட்டேன்.

சகாயநாதன்


ரெட்டியார்பாளையம்
7.10.2025

அண்ணனுக்கு,

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், கேள்.

அந்த ஸ்டுடியோவில் ஒரு ஸ்டூல், பின்னால் ஒரு நீலத்திரை. அம்மா உட்கார்ந்ததும் ஸ்டுடியோக்காரர் அவள் தாடையைத் தொட்டு, "அக்கா, இந்தப் பக்கம் வேணாம், நல்ல பக்கமா திரும்பு" என்று திருப்பிவிட்டார். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் அம்மா பழையபடி திரும்பிக்கொண்டாள். அவர் வந்து மறுபடி திருப்பினார். அவள் மறுபடி திரும்பினாள். "எனக்கு இந்தப் பக்கந்தான் எடுக்கணும். எடுக்கறதுன்னா எடு, இல்லாட்டி வேற கடைக்குப் போறேன்" என்றாள். ஹாலில் உள்ள படத்தைப் பார், கன்னத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணை நேராக வைத்திருப்பாள். எவ்வளவு கம்பீரம் என்று நீதானே எல்லோரிடமும் சொல்வாய்? அந்தக் கம்பீரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அவள் அழகுக்காக உட்காரவில்லை. சாட்சி சொல்ல உட்கார்ந்தாள். மூடி வைத்தது அவள் இல்லை. அவள் காட்டினாள், நாம்தான் மூடினோம்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்கிறாய். மாமன்களிடம் சொன்னாள், சாமியாரிடம் சொன்னாள். எத்தனை பேரிடம்தான் ஒருத்தி சொல்வாள்?

கலியமூர்த்தி கடைக்குப் போனேன். அவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார், கொஞ்சம் முகம் மாறிப்போனது. "அக்கா, எனக்குப் புரியுது. ஆனா அண்ணன் சொல்லாம நான் சுடமாட்டேன், தொழில் தருமம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உன் மேல்தான்.

நீ ஹாலில் இருக்கும் படத்தை வைத்தால் நான் கல்லறைத் திருநாளன்று அங்கேயே அதன் மேல் இந்தப் படத்தை ஒட்டுவேன். நீ எடுத்தால் அடுத்த வருஷம் மறுபடி ஒட்டுவேன். நான் சாகும் வரைக்கும் ஒட்டுவேன், அப்புறம் ஆஷ்லின் ஒட்டுவாள். இல்லை, ஒரே ஒரு வழி இருக்கிறது. அப்பா படத்தைக் கழற்றிவிடு, அம்மாவுக்குத் தனிக் கல் வை. அப்போது நீ எந்த முகத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள். அவர் பக்கத்தில், அவர் அடித்ததே இல்லை என்ற முகத்தோடு அவளை நான் உட்கார விடமாட்டேன்.

ஸ்கேனரில் எவ்வளவு பெரிசாக எடுக்க முடியுமோ அவ்வளவு பெரிசாக எடுத்து, போட்டோக் காகிதத்தில் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். நீ இன்னும் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. குரூப்பில் சின்னதாகப் போட்டால் 'சூப்பர்' போட்டுவிடுவாய். வெளிச்சத்தில் வைத்துப் பார். பார்த்துவிட்டுப் பேசு.

ஆனந்தமேரி


சார்சேல்
17.10.2025

மேரி,

படத்தை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பிறகு மோனிக்கின் தையல் பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து வந்தேன்.

தாடைக்குக் கொஞ்சம் மேலே ஒரு சதுரம் பதிந்திருக்கிறது, நீ கவனித்தாயோ என்னவோ. அதன் நடுவில் மொட்டு மாதிரி ஒரு வட்டம். அது பாபின் இல்லை. மில்லில் வாட்ச்மேன்களுக்குக் கொடுத்த பெல்ட்டின் பித்தளைக் கொக்கி.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் இடது முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் அதே சதுரம் இருக்கிறது. நடுவில் அதே வட்டம். விடுதியிலிருந்து லீவுக்கு வந்தபோது வாங்கினது. மோனிக்கிடம் சைக்கிளிலிருந்து விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன். இங்கே டாக்டர் கேட்டபோதும் சைக்கிள்தான். பிள்ளைகளுக்கும் சைக்கிள்தான். சொல்லிச் சொல்லி எனக்கே அந்தச் சைக்கிள் கண்ணுக்குத் தெரியும், அதன் நிறம்கூட. நேற்று மோனிக்கைக் கூப்பிட்டு, படத்தையும் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐம்பத்தெட்டு வயசில்.

அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும் நிஜம்தான் மேரி. அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இதையும் இனி விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கலியமூர்த்திக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். நீ கொடுக்கும் படத்தையே சுடட்டும். ஒரு புள்ளிகூட டச்சிங் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் தனிக் கல் வேண்டாம். அப்பா படத்தைக் கழற்றாதே. அவரும் பக்கத்திலேயே இருக்கட்டும். வருகிறவர்கள் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

அண்ணன்


ரெட்டியார்பாளையம்
3.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கல் வைத்தாயிற்று. நேற்றுக் கல்லறைத் திருநாள். காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கினேன், கூட்டம் இடித்துத் தள்ளியது. ஆஷ்லின் கல்லைக் கழுவினாள். படம் தெளிவாக விழுந்திருக்கிறது. நீ சொன்ன சதுரம்கூடத் தெரிகிறது.

ஜனங்கள் வருவதும் நிற்பதும் போவதுமாக இருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "மேரிக்குப் புத்தி பேதலிச்சிப்போச்சு" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன், குரல் மெழுகுவர்த்தி கொளுத்தப் போய்விட்டது. அப்பாவின் தங்கை ஞானம் அத்தை பேரனைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். தான் கொண்டு வந்த மாலையை அம்மா படத்தின் மேல் சாற்றினார், சரியாகக் கன்னத்தை மறைக்கிற மாதிரி. நான் மாலையைக் கீழே இறக்கினேன். அத்தை தூக்கினார். நான் இறக்கினேன். "என்னாடி இது, எங்கண்ணன் மானத்த வாங்கறதுக்குன்னே வந்து பொறந்தியா?" என்றார். "அத்தே, மானம் ஒங்கண்ணனுக்கு மட்டுமா இருந்துச்சு? எங்கம்மாளுக்கு இல்லியா?" என்று கேட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். நாலாம் வகுப்பு டீச்சர் குரல் எனக்கு, உனக்குத் தெரியுமே. "இது பாபின் பட்ட காயம் இல்ல. எங்கப்பா பெல்ட்டால அடிச்ச காயம். அண்ணனும் நானும் சேந்துதான் வச்சிருக்கோம்." அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கிறிஸ்துமஸ் பலகாரம் இந்த வருஷம் அங்கிருந்து வராது. பரவாயில்லை, அவர் அதிரசம் எப்போதும் கல்தான்.

உன் பேரையும் சேர்த்து ஊர் முன்னால் சொன்னேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். இப்போதிருக்கிறவர் சின்ன வயசுக்காரர். நம் கல்லுக்கு முன்னால் நின்றார், இரண்டு படத்தையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அம்மாவுக்கு இரண்டு தரம் தெளித்துவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்து நாங்கள் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஓர் அம்மாள் வந்தார். என் வயசு இருக்கும், எங்கோ பார்த்த முகம், பேர் தெரியாது. இரண்டு கல் தள்ளி அவருடைய அம்மாவின் கல்லறை. பீங்கான் படத்தில் அந்த முகமும் மொழுமொழுவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"யக்கா, ஒங்கம்மா மூஞ்சிய எப்படி எடுத்தீங்க?"

சொன்னேன். பென்சில், பஞ்சு, ஸ்பிரிட், ஸ்கேனர், எல்லாம் சொன்னேன். அவர் தன் அம்மாவின் கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தவில்லை அண்ணா, சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரித்தான் சொன்னார்.

"எங்கம்மாளும் அதே மாதிரிதான் போயி படம் புடிச்சினு வந்துது. நெகட்டிவ் எங்கிட்ட இருக்குது. தொடச்சிக் குடுப்பீங்களா?"

"எடுத்துனு வாங்க" என்றேன்.

உன் தங்கை,
ஆனந்தமேரி